தயிர் முட்டியிலிருந்து கிணறு வரை: ஏகர்த் தட்டில் பற்றீரியா வளர்த்து இனங்காண்பது எப்படி

கார்த்திகை பிறந்து மழை இறுகினால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி கிணற்றைப் பற்றியதாகத்தான் இருக்கும். "தண்ணி கலங்கிக் கிடக்கு மகள், ஒருக்காப் பார்த்துச் சொல்லன்" என்பார்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது என்று விளக்கினாலும் போத்தல் வந்து சேர்ந்துவிடும். சோடாப் போத்தலில் வரும், மருந்துப் போத்தலில் வரும், ஒருமுறை நெஸ்டமோல்ட் போத்தலில் அடியில் மால்ட் மணத்தோடே வந்தது.

2005 இல், கடல் ஊருக்குள் வந்து போன சில மாதங்களில், மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வருடமாகத் தட்டுகளோடுதான் என் காலைப்பொழுது. இப்போது பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கும், உயர்தரத்தில் உயிரியலோ உயிர்முறைமைகள் தொழினுட்பவியலோ கற்பிக்கிற ஆசிரியர்களுக்கும் அடிக்கடி சொல்லிக் கொடுக்க நேர்கிறது. வாயால் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் செய்த ஒரு பிழையும் இதில் வரும். அந்தப் பிழையைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

எதை வளர்ப்பது

முதன்முதலாக வளர்க்கிறவர் தயிரில் தொடங்குங்கள். எங்கள் பக்கத்து எருமைத் தயிர் முட்டி ஒன்று போதும். அதில் இருப்பவை நாம் தினமும் சாப்பிடுகிற உயிர்கள். தட்டில் நன்றாக முளைக்கும், நுணுக்குக்காட்டியில் அழகாகத் தெரியும், தவறிக் கையில் பட்டாலும் பயமில்லை. பாடசாலையில் தயிரைத் தாண்டிப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. தொண்டை, மூக்கு, புண், கழிவறைக் கதவுப் பிடி என்று பஞ்சுக் குச்சியால் தடவி 37 பாகையில் வைக்கிற விளையாட்டை வகுப்பறையில் செய்யாதீர்கள். ஒன்றிரண்டாக இருக்கும் நோய்க்கிருமியைக் கோடிக்கணக்கில் பெருக்கிப் பிள்ளைகளின் மேசையில் வைப்பதாகிவிடும்.

வயல் சேற்றைத் தட்டில் போடவே கூடாது. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பர்க்கோல்டேரியா சூடோமல்லி ஈர மண்ணிலும் வயலிலும் வாழ்வது. இலங்கையில் இந்த நோய் உண்டு, கிழக்கிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்களை அது கடுமையாகத் தாக்கும். அந்தக் கிருமி முளைத்த தட்டைத் திறந்து முகத்துக்குக் கிட்டப் பிடிப்பது மிகவும் ஆபத்தானது. அதனால் கிணற்றுத் தண்ணீரைக்கூட, முறையாகப் பயின்ற ஒருவர் பக்கத்தில் நிற்கும் ஆய்வுகூடத்தில் மட்டும் வளர்க்க வேண்டும்.

கடற்பாசியும் ஏகரும்

காத்தான்குடியிலிருந்து வந்து என்னோடு வேலை பார்த்த சகோதரி ஒருவர் நோன்பு காலத்தில் கடற்பாசி காய்ச்சிக் கொண்டுவருவார். பாலும் சீனியும் ரோஸ் நிறமும் போட்டு, கத்தியால் டயமன் வடிவில் வெட்டி. ஏகர் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் அதைத்தான் நினைவுபடுத்துவேன். பொருள் ஒன்றுதான்: சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஏகர் ஏகர் என்பதே மலாய்ச் சொல்.

அது ஆய்வுகூடத்துக்கு வந்ததும் சமையலறை வழியாகத்தான். ஜெர்மனியில் றொபர்ட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸே, ஜெலற்றீன் உருகி உருகித் தட்டுகள் பாழாகின்றன என்று தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஃபனி ஹெஸ்ஸே பழப்பாகும் ஜெலியும் இறுகுவதற்கு ஏகர் போடுகிறவர். ஜாவாவில் இருந்துவந்த அயலவரிடம் பழகிய பழக்கம் அது. 1881 இல் அவர்தான் அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஜெலற்றீன் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மேசையில் வைத்தாலே இளகிவிடும். போதாக்குறைக்குச் சில பற்றீரியாக்கள் அதைச் சமித்தும் விடும். ஏகர் அப்படியில்லை. உருக வேண்டுமானால் கொதிநிலைக்குக் கிட்டப் போக வேண்டும், உருகியபின் ஏறத்தாழ 40 பாகை வரை இறங்கினால்தான் இறுகும். இந்த இடைவெளிதான் நமக்கு ஊற்றுவதற்குக் கிடைக்கிற நேரம். பெரும்பாலான பற்றீரியாக்களுக்கு அதைத் தின்னவும் தெரியாது.

ஊடகம் காய்ச்சுதல்

ஊடகம் என்றால் பற்றீரியாவுக்கு நாம் வைக்கிற சாப்பாடு. சாதாரணப் போசணை ஏகரில் பெப்ரோன் (சமித்த புரதத் தூள்), இறைச்சிச் சாறு, உப்பு, ஏகர் இருக்கும். கடையில் வாங்கும் தூளில் பெரும்பாலும் லீற்றருக்கு 28 கிராம் என்று எழுதியிருக்கும். உங்கள் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கு. ஒரு தட்டுக்கு 20 மில்லிலீற்றர். பத்துத் தட்டுக்கு 200 மில்லிலீற்றர், ஆகவே 5.6 கிராம்.

எங்கள் ஊரில் இந்தத் தூளுக்கு எதிரி காற்றுத்தான். ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஈரம் குடித்த தூள் ஒரு மாரிக்குள் கல்லாகிவிடும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசாதீர்கள். நிறுத்தவுடன் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இன்னொரு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கட்டியாகி நிறமும் மாறியிருந்தால் இடித்துப் பாவிக்க முயல வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

காய்ச்சி வடித்த நீரில் தூளைப் போட்டு ஒரு கால் மணித்தியாலம் ஊறவிட்டு, பிறகு கிளறிக் கிளறிச் சூடாக்க வேண்டும். குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். பால் போலவே பொங்கும், பால் போலவே கண்ணை எடுத்த நேரம் பார்த்துத்தான் பொங்கும். அடியில் மணிமணியாக எதுவும் தெரியாமல் முழுவதும் தெளிந்தால் கரைந்துவிட்டது.

அடுத்தது கிருமியழித்தல். 121 பாகை செல்சியஸ், 15 இறாத்தல் அமுக்கம், 15 நிமிடம். ஓட்டோகிளேவ் (அமுக்க நீராவியில் கிருமியழிக்கும் கலம்) இல்லாத பாடசாலைகளில் 15 இறாத்தல் அமுக்கம் காட்டும் பிரஷர் குக்கர் போதும். ஆனால் ஒன்று: நிறையைப் போடுவதற்கு முன் நீராவி நன்றாக வெளியேறச் சில நிமிடம் விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அமுக்கம் ஏறும், வெப்பநிலை அந்தளவுக்கு ஏறாது. வெளியில் பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், ஊற்றிய தட்டெல்லாம் மூன்றாம் நாள் தானாக முளைக்கும். நேரம் முடிந்ததும் அவசரப்பட்டுத் திறக்கவும் கூடாது. அமுக்கம் திடீரென்று விழுந்தால் குடுவை கொதித்து எழும்பும். தானாக ஆறட்டும்.

எல்லா ஊடகத்தையும் இப்படிக் கிருமியழிக்கலாம் என்று எண்ணாதீர்கள். வாந்திபேதிக் கிருமிக்கான டீசிபிஎஸ், சல்மொனெல்லாவுக்கான எக்ஸ்எல்டி போன்றவற்றைக் கொதிக்க மட்டும் வைக்க வேண்டும், ஓட்டோகிளேவில் போட்டால் கெட்டுப்போகும். கிணற்று நீருக்குப் பாவிக்கிற மெக்கொங்கி ஏகரை ஓட்டோகிளேவில் வைக்கலாம்.

குடுவையைக் கையால் பிடித்துத் தாங்கக்கூடிய சூட்டுக்கு வந்ததும், ஏறத்தாழ 50 பாகையில், ஊற்றுங்கள். மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, சுடர் பக்கத்தில் எரிய, பெத்திரிக் கிண்ணத்தின் மூடியை ஒரு ஓரமாகச் சற்றே தூக்கி ஊற்ற வேண்டும். மேசை துடைக்கிற மதுசாரப் போத்தலைச் சுடரிலிருந்து தூரத்தில் வையுங்கள். கூடுதல் சூட்டோடு ஊற்றினால் மூடியில் முத்துமுத்தாக நீர் கோர்க்கும். அந்தத் துளி விழுந்தால் கொலனிகள் (முளைத்த பற்றீரியாப் புள்ளிகள்) ஒன்றோடொன்று கலந்து ஓடிவிடும். இறுகிய தட்டுகளைக் கவிழ்த்து ஓர் இரவு அடைகாப்பானில் (சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் பெட்டியில்) விடுங்கள். தட்டும் உலரும், ஏதாவது அசுத்தம் இருந்தால் மறுநாள் காலையில் முளைத்தும் காட்டும். முளைத்த தட்டைக் கழித்துவிட்டு மிகுதியைப் பாவியுங்கள்.

எறும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இருக்காது. பெப்ரோன் மணத்துக்கு எறும்பு வரும். ஒரு கொலனியில் நடந்து அடுத்த தட்டுக்குப் போகும். மேசைக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தி வையுங்கள், பலகாரப் பெட்டிக்கு அம்மா செய்வதுபோல.

கோடு இழுத்தல்

இந்த வேலையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பழகலாம் என்றால், லூப்பால் (நுனியில் வளையம் உள்ள கம்பியால்) தட்டில் கோடு இழுப்பதைப் பழகுங்கள். மிச்சமெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. நோக்கம் எளிது: ஒரு துளியில் இலட்சக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும் பற்றீரியாக்களைப் பிரித்துப் பிரித்து, கடைசிக் கோட்டில் ஒவ்வொன்றும் தனியே விழச் செய்வது. தனியே விழுந்த ஒன்று ஒரே இரவில் பெருகிக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாகும். அதுதான் கொலனி. ஒரு கொலனி என்றால் ஒரே குடும்பம்.

நிக்குரோம் லூப்பைச் சுடரில் நட்டுக்குத்தாகப் பிடித்து, கம்பி முழுவதும் செந்நிறமாகும்வரை சுடுங்கள். ஊதி ஆற்றாதீர்கள், வாயில் இருப்பதெல்லாம் அதில் ஏறும். எண்ணிக்கொண்டு சற்றுப் பொறுங்கள், அல்லது ஏகரின் ஓரத்தில் தொட்டு ஆற்றுங்கள். மாதிரியைத் தொட்டு, தட்டின் ஒரு கால்பாகத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் இழுங்கள். மீண்டும் சுடுங்கள், ஆற்றுங்கள். தட்டைத் திருப்பி, முதற்பகுதியின் ஓரத்தை இரண்டு மூன்று தரம் மட்டும் தொட்டு அடுத்த கால்பாகத்துக்கு இழுங்கள். மறுகாச் சுடுங்கள். மூன்றாவது பகுதிக்கும் அப்படியே. நான்காவதில் பாம்பு நெளிவதுபோல அகலமான கோடு ஒன்று, முதற்பகுதியைத் தொடாமல்.

ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் சுட மறப்பதுதான் புதியவர்கள் விடும் பிழை. மற்றது கை அழுத்தம். லூப் ஏகரைக் கீறக் கூடாது. பொங்கலுக்கு வாசலில் கோலம் போடுகிறபோது விரலிடுக்கில் மா ஒழுகுகிற அந்த மென்மை வேண்டும். நான் பழகியது உண்மையான தட்டில் இல்லை. அந்தச் சகோதரி காய்ச்சித் தந்த சீனி போடாத கடற்பாசியைத் தேநீர்க் கோப்பையின் அடித்தட்டுகளில் ஊற்றி வைத்து, நீல மை தொட்டு, வீட்டில் இருந்தே இரண்டு கிழமை இழுத்துப் பழகினேன். ஏகர் கிழிந்தால் மை உள்ளே இறங்கிக் காட்டிக் கொடுக்கும். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்குங்கள், செலவே இல்லை.

தயிருக்குப் போசணை ஏகர் போதாது. இலற்றிக்கமில பற்றீரியாக்கள் அதில் நோஞ்சானாகத்தான் வளரும். எம்ஆர்எஸ் என்ற ஊடகம் வேண்டும். 1960 இல் டி மான், றொகோசா, ஷார்ப் மூவரும் வெளியிட்டது, பெயரும் அவர்களுடைய முதலெழுத்துகள். குளுக்கோசு, ஈஸ்ட் சாறு, மங்கனீசு எல்லாம் அதில் உண்டு. இவற்றுக்கு ஒட்சிசன் குறைந்தால் நல்லது. ஒரு தகர டப்பாவுக்குள் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து மூடியை இறுக்கிவிடுங்கள். அது தானாக அணையும். 37 பாகையில் இரண்டு நாள் விட்டால் வெள்ளை மணிபோலச் சிறு கொலனிகள் வரும்.

எத்தனை இருக்கின்றன என்று எண்ண ஆசைப்பட்டால் பத்துப் பத்தாக ஐதாக்க வேண்டும். 9 மில்லிலீற்றர் உப்பு நீரில் 1 மில்லிலீற்றர் தயிர், அதிலிருந்து 1 அடுத்த குழாய்க்கு, இப்படி ஆறு தரம். கடைசிக் குழாயில் 0.1 மில்லிலீற்றர் எடுத்துத் தட்டில் பரப்பி, 62 கொலனி வந்தது என்று வையுங்கள். ஒரு மில்லிலீற்றர் தயிரில் 62 கோடி. 30 இற்கும் 300 இற்கும் இடையில் வந்த தட்டை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர்

கிணற்று நீரில் இப்படி லூப்பால் தொட்டு இழுத்துப் பயனில்லை. ஈ. கோலி குடலில் வாழும் பற்றீரியா, அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அடையாளம். 100 மில்லிலீற்றரில் ஒன்றிரண்டு இருந்தாலே குடிக்கத் தகாது. குடிநீரில் 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். லூப் எடுப்பதோ ஒரு துளியிலும் சிறிது.

மாதிரி எடுப்பதில் பாதி முடிவு தங்கியிருக்கிறது. கிருமியழித்த போத்தலின் கழுத்தில் சுத்தமான கயிறும் பாரமும் கட்டி, கிணற்றுச் சுவரில் முட்டாமல் இறக்கி, மேல்மட்டத்துக்குக் கீழே அமிழ்த்தி எடுக்க வேண்டும். வாளியால் அள்ளி ஊற்றினால் நீங்கள் வளர்ப்பது வாளியில் இருப்பவற்றை. குளோரின் போட்ட கிணறு என்றால் போத்தலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேற்று இருக்க வேண்டும். குலுக்குவதற்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவாருங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வருகிறவர்கள் காலையில் எடுத்து நேரே வருவது நல்லது. முந்தின நாள் எடுத்து வீட்டில் வைத்திருந்த தண்ணீர் கிணற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிறகு இரண்டு வழி. 0.45 மைக்கிரோமீற்றர் துளையுள்ள மென்சவ்வால் 100 மில்லிலீற்றரை வடித்து, சவ்வைத் தட்டின் மேல் வைப்பது ஒன்று. மென்சவ்வு வாங்க வசதியில்லாத இடங்களில் பழைய குழாய் முறை: மெக்கொங்கி குழம்புள்ள குழாய்களில் 10, 1, 0.1 மில்லிலீற்றர் என்று ஐந்து ஐந்தாக இட வேண்டும். 10 மில்லிலீற்றர் இடுகிற குழாய்களில் குழம்பு இரட்டைச் செறிவில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னஞ்சிறிய டேரம் குழாய் கவிழ்ந்து கிடக்கும். இலற்றோசை நொதிக்கச் செய்யும் பற்றீரியா இருந்தால் ஊதா மஞ்சளாகும், டேரம் குழாயின் தலையில் வாயுக் குமிழ் நிற்கும். 48 மணித்தியாலம் வரை பார்க்கலாம். எந்தக் குழாய்கள் மாறின என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை கிடைக்கும். மாறிய குழாயிலிருந்து மெக்கொங்கி தட்டில் கோடு இழுத்து, கவிழ்த்து, 37 பாகையில் 18 முதல் 24 மணித்தியாலம்.

கரண்ட் போனால் அடைகாப்பானைத் திறந்து பார்க்காதீர்கள், இருக்கிற சூடும் போய்விடும். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

இளஞ்சிவப்பு என்பது பெயரில்லை

2011 தை மாத வெள்ளத்தில் மட்டக்களப்பும் அம்பாறையும் மூழ்கின. தண்ணீர் வற்றியபின் என் மாமி கிரான்குளத்தில் இருந்து தன் கிணற்று நீரை அனுப்பினார். அங்கெல்லாம் மணல் நிலம், கையெட்டும் ஆழத்தில் தண்ணீர், வேலிக்கு அந்தப் பக்கம் அயலவருடைய மலசலகூடக் குழி. மறுநாள் மெக்கொங்கி தட்டு முழுக்க இளஞ்சிவப்பு. அன்று வேலை மலையாகக் குவிந்து கிடந்தது. நான் தொலைபேசியில் "மாமி, ஈ. கோலி இருக்கு, குழித் தண்ணி இறங்குது போல" என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்னதை மாமி வேலியில் நின்று அயலவருக்குச் சொன்னார். பத்து வருடமாகக் கறிச்சட்டி கைமாறிய வேலி அது. அன்றோடு பேச்சு நின்றது.

இரண்டு நாள் கழித்துத்தான் மிச்சப் பரிசோதனைகளைச் செய்து முடித்தேன். ஒன்றுக்குப் பதிலாக ஐந்து கொலனிகளை எடுத்துப் பார்த்தேன். ஈ. கோலி காட்ட வேண்டியதற்கு மாறாகத்தான் எல்லாம் வந்தன (பரிசோதனைகளைக் கீழே விளக்குகிறேன்). ஐந்திலும் இண்டோல் இல்லை. சித்திரேற்று நீலமாகியிருந்தது. 44 பாகையில் வாயு வரவில்லை. கொலனிகளும் மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் தடித்து, ஈரமாகி, லூப்பால் தொட்டால் நூலாக இழுபட்டன. கிளெப்சியெல்லா வகை. அது குடலிலும் இருக்கும், மண்ணிலும் அழுகிய இலையிலும் இருக்கும். வெள்ளம் அள்ளிக்கொண்டு வந்த குப்பையே போதும். கிணறு குடிக்கத் தகாது என்பது உண்மைதான். ஆனால் அயலவருடைய குழியைக் குற்றம் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை.

மெக்கொங்கி ஏகர் என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். அல்பிரட் மெக்கொங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கியது. அதிலுள்ள பித்த உப்பும் பளிங்கு ஊதா என்ற சாயமும் கிராம் நேர் வகைகளை (கீழே வரும் கிராம் சாயமிடலில் ஊதாவாக நிற்பவற்றை; சிவப்பாவது கிராம் எதிர்) தடுக்கும். இலற்றோசைத் தின்று அமிலம் விடுகிறவை நடுநிலைச் சிவப்பு என்ற காட்டியை இளஞ்சிவப்பாக்கும். அவ்வளவுதான். இளஞ்சிவப்பு என்றால் "இது இலற்றோசு தின்னும்" என்று பொருள். ஈ. கோலி தின்னும், கிளெப்சியெல்லா தின்னும், என்ரரோபக்ரரும் தின்னும். சல்மொனெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ் தின்னா, அவை வெளிறிக் கிடக்கும்.

ஆகவே பெயருக்குப் போகும் வழி இதுதான். முதலில் கொலனியை எழுத்தில் வரையுங்கள்: எவ்வளவு பெரிது, ஓரம் வழுவழுப்பா அலையலையா, தட்டையா மேடா, உலர்ந்ததா ஈரமா, ஒளி ஊடுருவுகிறதா. ஈ. கோலி பெரும்பாலும் தட்டையாக, உலர்ந்ததுபோல, சுற்றிலும் ஒரு மங்கல் வளையத்தோடு நிற்கும். புரோட்டியஸ் போசணை ஏகரில் அலையலையாகத் தட்டு முழுவதும் ஊரும். சூடோமோனாஸ் ஏருஜினோசா நீலப்பச்சை நிறத்தை ஏகருக்குள் இறக்கும். பழைய ஆட்கள் மணத்தைச் சொல்வார்கள், நீங்கள் தட்டை முகராதீர்கள்.

அடுத்து, தனிக் கொலனி ஒன்றைப் புதிய தட்டில் மறுபடி இழுத்து ஓர் இரவு வளருங்கள். ஒரே மாதிரி வந்தால் தூய வளர்ப்பு. கலந்த தட்டில் இருந்து செய்யும் எந்தப் பரிசோதனையும் இரண்டு பேருடைய கதையை ஒருவருடையதாகச் சொல்லும். புதியவர்கள் நேரம் மிச்சம் பிடிப்பது இந்தப் படியில்தான். நானும் அன்று இதைத்தான் தாண்டினேன்.

பிறகு கிராம் சாயமிடல், ஹன்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884 இல் வெளியிட்ட முறை. ஒரு துளி உப்பு நீரில் கொலனியை மிக மெல்லிதாகக் கரைத்து, உலரவிட்டு, சுடரின் மேலாக இரண்டு மூன்று தரம் எடுங்கள். பளிங்கு ஊதா ஒரு நிமிடம், கழுவி அயடின் ஒரு நிமிடம், கழுவி மதுசாரத்தால் நிறநீக்கம், கழுவி சஃப்ரனின் ஒரு நிமிடம். நிறநீக்கத்தில் கை நின்றுவிடக் கூடாது. ஊதா ஒழுகுவது நின்றவுடன் தண்ணீர் ஊற்றுங்கள். கூடிப்போனால் ஊதாவாக நிற்க வேண்டியதும் சிவப்பாகிவிடும். மூன்று நாள் பழைய வளர்ப்பிலும் இதே ஏமாற்றம் வரும். தெரிந்த கிராம் நேர் ஒன்றையும் கிராம் எதிர் ஒன்றையும் அதே கண்ணாடியில் பக்கத்தில் பூசுங்கள். எண்ணெய் தொட்டு, 100 மடங்கு வில்லையில் பாருங்கள். தயிரில் ஊதாக் கோல்களும், சங்கிலியாகக் கோர்த்த ஊதா உருண்டைகளும் தெரியும். ஈ. கோலி சிவந்த சிறு கோல்.

கற்றலேசுப் பரிசோதனைக்கு 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு ஒரு துளியும், கொலனி தொட்ட மரக்குச்சியும் போதும். நுரைத்தால் நேர். கம்பி லூப்பால் செய்யாதீர்கள், கம்பியே நுரைக்க வைக்கலாம். குருதி ஏகரில் இருந்து எடுத்தாலும் குருதியே நுரைக்கும். தயிர்ப் பற்றீரியாக்கள் நுரைக்க மாட்டா. ஒட்சிடேசுக்கும் மரக்குச்சிதான். ஒட்சிடேசுக் கரைசல் ஊறிய தாளில் பூசிப் பத்துச் செக்கனுக்குள் கரு ஊதா வந்தால் நேர். சூடோமோனாஸ் ஏருஜினோசா நேர், ஈ. கோலியும் அதன் உறவுகளும் எதிர்.

குடல் வகைகளுக்கு இம்விக் என்ற நான்கு பரிசோதனைகள். பெப்ரோன் நீரில் வளர்ந்த வளர்ப்புக்குக் கோவாக் கரைசல் விட்டால் மேலே செவ்வளையம் வருவது இண்டோல். மெதைல் சிவப்பும் வோகஸ்-புரொஸ்கோவரும் குளுக்கோசை எப்படிச் சமிக்கிறது என்பதைச் சொல்லும். சிமன்ஸ் சித்திரேற்று ஏகர் பச்சையிலிருந்து நீலமானால் சித்திரேற்றை மட்டும் தின்றும் வாழத் தெரியும் என்று பொருள். ஈ. கோலி: நேர், நேர், எதிர், எதிர். என்ரரோபக்ரர் பெரும்பாலும் நேரெதிராக: எதிர், எதிர், நேர், நேர். இதோடு 44 பாகையில் வாயுவும் இண்டோலும் வந்தால்தான் "ஈ. கோலி" என்ற சொல்லை அறிக்கையில் எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் ஈ. கோலி என்று ஏற்கெனவே தெரிந்த வளர்ப்பு ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். அது செவ்வளையம் காட்டாவிட்டால் உங்கள் கோவாக் கரைசல்தான் பழசு.

ஒரு தட்டில் எடுத்த ஒரு கொலனி ஈ. கோலி இல்லையென்று வந்தால் கிணற்றிலும் ஈ. கோலி இல்லையென்று ஆகாது. வித்தியாசமாகத் தெரிகிற ஒவ்வொரு வகையிலும் எடுங்கள், ஒரே மாதிரித் தெரிந்தாலும் குறைந்தது ஐந்து எடுங்கள்.

முடிந்தபின்

பார்த்து முடித்த தட்டுகள் குப்பைக்குப் போகக் கூடாது. 121 பாகையில் மறுபடி வைத்து அழித்தபின்தான் எறிய வேண்டும். குக்கர் மட்டும் இருக்கும் பாடசாலையில், சமைக்கிற குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். அதுவும் இல்லாத இடத்தில் வெளிற்றும் திரவத்தை ஒன்பது பங்கு தண்ணீரோடு கலந்து, தட்டுகள் முழுவதும் மூழ்க ஓர் இரவு ஊறவிடுங்கள். பாடசாலையில் வளர்த்த தட்டின் மூடியை முதல் நாளே ரேப்பால் ஒட்டி, ஒட்டியபடியே பார்த்து, ஒட்டியபடியே அழித்துவிடுங்கள். சாயமிட எடுக்க வேண்டிய தயிர்த் தட்டை மட்டும் ஆசிரியர் திறக்கலாம். மேசையை 70 சதவீத மதுசாரத்தால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தேநீர்.

தட்டின் அடியில் எழுதுங்கள், மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும். திகதி, ஊடகம், மாதிரி, உங்கள் பெயரெழுத்து.

முடிவு தெரிந்த அன்று பின்னேரமே நான் கிரான்குளத்துக்குப் பஸ் ஏறினேன். மாமியிடம் முதலில் சொன்னேன், பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் போய் அவர்களிடமும் நான் பிழையாகச் சொன்னதைச் சொன்னேன். அவர்கள் கதிரை தந்தார்கள், அதிகம் பேசவில்லை. போகும்போது கிருமியழித்த போத்தல் இரண்டு கொண்டு போயிருந்தேன். இரண்டு கிணற்றிலும் எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது ஒவ்வொரு மாரி முடிவிலும் அந்த வளவில் இருந்து இரண்டு போத்தல்கள் ஒரே ஐஸ் பெட்டியில் வரும். போன தையில் மாமியின் கிணற்றில்தான் ஈ. கோலி இருந்தது, ஐந்துக்கு மூன்று கொலனி, 44 பாகையில் இண்டோலோடு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி இறைத்துக் குளோரின் போட்டார்கள். அது முடியும் வரை மாமி அயலவர் வீட்டுத் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடித்தார்.